பச்சை பூத்த ரிலே போர்டு: உப்புக் காற்றில் பழைய கார்களின் மின்பலகையை மீட்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் கொட்டிய மழை 48 சென்டிமீட்டருக்கு அருகில். கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் ஐந்தடி வரை தண்ணீர் நின்றது. அந்த மழைக்குப் பிறகு ஹெட்லைட் மங்கிய, ஹாரன் ஊமையான, வைப்பர் பாதியில் நின்ற பழைய கார்களுக்கெல்லாம் வெள்ளமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால், வெள்ளம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட வேறொரு குற்றவாளி தெரியும்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டும் இடத்திலிருந்து கடல் கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். நடுவே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் உப்பங்கழியும். கடற்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்பு, மூடிய ஷெட்டுக்குள்ளும் போய் உட்காரும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். இந்தக் கரையோரத்தில் இரவு ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது. ஆக, ஃபியூஸ் பாக்ஸின் பித்தளைக் கிளிப்பில் படிந்த உப்பு இரவில் உப்புநீராகிறது, பகலில் காய்கிறது, மறுநாள் இரவு மீண்டும் நீராகிறது. மழை பெய்யவே வேண்டாம்.

இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நகரும். ரிலே போர்டைச் சுத்தம் செய்வது என்றால் பளபளக்கத் தேய்ப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். கரையோர ஊரில் முதல் வேலை தேய்ப்பு அல்ல, கழுவல். உப்பு உள்ளே இருக்கும்வரை தேய்த்த இடம் சில வாரங்களில் மறுபடி பச்சை பூக்கும்.

எந்தக் காரில் என்ன இருக்கிறது

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச். டேஷ்போர்டு பொத்தான் ரிலேயின் காயிலுக்கு 0.15 ஆம்பியர் அளவு அனுப்பும். காயில் காந்தமாகி, உள்ளே உள்ள வெள்ளிப் பாயிண்டுகளை ஒட்டவைக்கும். ஹெட்லைட்டின் 10 ஆம்பியர் அந்தப் பாயிண்டுகள் வழியே ஓடும். பல ரிலேக்களையும் ஃபியூஸ்களையும் ஒரே பலகையில் கூட்டி வைத்தால் அதுவே ரிலே போர்டு.

நம் ஊர்ப் பழைய கார்களில் இதன் வடிவம் காலத்துக்கேற்ப மாறும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதன் தொடக்க கால வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. 2014 வரை தயாரான அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது, இரண்டே ஃபியூஸ் கொண்ட லூகாஸ் பெட்டியும், மெக்கானிக்குகள் 'கட்-அவுட்' என்று அழைக்கும் டைனமோ ரெகுலேட்டரும். கட்-அவுட்டும் உண்மையில் ஒரு ரிலே தொகுப்புதான்: காயில், பாயிண்ட், ஸ்பிரிங். 1980களுக்குப் பிந்தைய கார்களில் பித்தளைப் பட்டைகளை அடுக்கிய பிளாஸ்டிக் பலகைகளும், செம்புத் தடம் பதித்த சர்க்யூட் போர்டுகளும் வந்தன. 1995 முதல் புனேயில் தயாரான மெர்சிடஸ் டபிள்யூ-124 காரில் பானட்டுக்கு அடியில் மூடியிட்ட தனிப் பெட்டியே உண்டு.

யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் பேட்டரியும் அங்கே போகவில்லை. ஆஸ்டின் ஏ-40, மோரிஸ் மைனர் கார்கள் சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட்டாகி மண்ணெண்ணெயில் ஓடின. கடல் சூழ்ந்த குடாநாட்டின் உப்புக் காற்றிலும் அவை தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அவற்றின் மின்பாகங்கள் குறைவு. இருந்தவையும் ஸ்க்ரூ டிரைவரால் திறக்கக்கூடியவை. பின்னாளில் வந்த ஒட்டிய, அழுத்திய, அச்சிட்ட பலகைகளுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. விலை உயர்ந்த கார்களும் தப்பவில்லை: ஃபெராரி டெஸ்டரோசாவின் ஃபியூஸ் போர்டு சூடேறிக் கருகுவது அந்தக் கார் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அறிந்த குறை.

புதுசு வாங்கிப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பராமரிக்கப்படும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று வரையறுத்து, எண்பலகையில் 'வி.ஏ.' எழுத்துகளைத் தருகிறது. ஒரு ஃபியூஸ் பாக்ஸை மாற்றியதால் யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை. இருந்தாலும், பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அசல் பேக்கலைட் பெட்டிக்குப் பழைய கார் உலகில் மதிப்பு உண்டு. மாற்றுப் பாகம் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனாலும், அங்கே கிடைப்பது வேறொரு வண்டியில் துருப்பிடித்த அதே பெட்டியாக இருக்கலாம். பெரும்பாலான பலகைகளை மீட்க முடியும். உடைந்த பேக்கலைட், உருகிய பிளாஸ்டிக், கரியான சர்க்யூட் போர்டு ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் மாற்று தேட வேண்டும்.

தொடுவதற்கு முன் அளந்து பாருங்கள்

டேஷ்போர்டை ஒரு தட்டு தட்டினால் லைட் எரிகிறது. ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் நிற்கிறது. ஃபியூஸ் எரியாமலே அதன் பெட்டி சூடாகிறது. இவை மூன்றும் இணைப்பில் தடை ஏறியதன் அறிகுறிகள்.

பலரும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இணைப்பைச் சோதித்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவுகட்டுவார்கள். மலிவான மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் அளவு தடை உண்டு. நாம் தேடும் கோளாறு 0.1 ஓம். ஆகவே ஓம்ஸ் சோதனையில் அது சிக்காது. ஆனால் அந்த 0.1 ஓம் என்ன செய்யும்? இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுகள் இழுக்கும் 10 ஆம்பியர் அந்த இணைப்பைக் கடக்கும்போது ஒரு வோல்ட் அங்கேயே விழும். 10 வாட் வெப்பம் ஒரு சின்னக் கிளிப்பில் இறங்கும். பேக்கலைட் கருக அது போதும். பல்புக்கு 13.5-க்குப் பதில் 12.5 வோல்ட் போனால் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும்.

சரியான வழி, மின்னோட்டம் ஓடும்போதே வோல்ட் இழப்பை அளப்பது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஃபியூஸ் கிளிப்பின் ஒரு பக்கத்திலும் மறுமுனையை அடுத்த பக்கத்திலும் தொட வேண்டும். ஒரு இணைப்பில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பல்ப் வரை மொத்த இழப்பு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ பச்சை பூத்திருக்கிறது. எர்த் பக்கமும் இதே சோதனை வேண்டும். பல வண்டிகளில் போர்டைப் பழி சொல்லிக் கழற்றிய பிறகுதான் பாடியில் துருவேறிய எர்த் போல்ட் கண்ணில் படும். ஒவ்வொரு இணைப்பின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

கழற்றும் முறை

முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்கலாம். அதனால் 'கறுப்பு ஒயர்' என்று கண்ணை மூடிக் கழற்றாமல், பாடிக்குப் போகும் ஒயர் எது என்று பார்த்துக் கழற்றுங்கள். இந்தத் தகவல் பின்னால் ரிலே வாங்கும்போதும் தேவைப்படும்.

அடுத்து போட்டோ: முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு ஒயரும் சேரும் இடம். ஒயர்களுக்கு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிய பிறகே கழற்ற வேண்டும். 50 ஆண்டு பழைய ஒயரின் நிறத்தை நம்ப முடியாது. சிவப்பும் பழுப்பும் வெப்பத்தில் ஒன்றாகிவிட்டிருக்கும். முந்தைய எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கவும் கூடும். ஒயர் முனையில் உள்ள லக்கை இழுக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், நோஸ் பிளையரால் லக்கையே பிடித்து அசைத்து எடுக்க வேண்டும்.

ரிலேக்களையும் ஃபியூஸ்களையும் உருவி எடுத்து, இருந்த வரிசையிலேயே ஒரு முட்டை அட்டையில் அடுக்கி வையுங்கள். இவை பலகையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போகக் கூடாது.

நிறம் சொல்லும் சேதி

பலகையை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீலப்பச்சைப் பொடி என்றால் செம்பும் பித்தளையும் உப்போடு சேர்ந்திருக்கின்றன. வெள்ளைப் பொடி துத்தநாகம் அல்லது அலுமினியத்தின் அரிப்பு. செம்பழுப்பு என்றால் இரும்பு ஸ்க்ரூவோ ஸ்பிரிங்கோ துருவேறியிருக்கிறது. கறுப்பும் அதைச் சுற்றிய பழுப்பு வளையமும் சூட்டின் தடம். அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. கழுவினால் மட்டும் அது சரியாகாது.

கவனிக்காமல் விடக் கூடாத ஒன்று, மஞ்சள் பித்தளைக் கிளிப்பில் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டு. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்தக் கிளிப்புக்கு இனி பிடிமானம் கிடையாது. வளைத்தால் ஒடியும். அதை மாற்றியே ஆக வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகம் கற்றுத்தரும் பாடம்

உப்பு புகுந்த செம்புக் கலவையை எப்படி மீட்பது என்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டாக யோசித்துவரும் இடம் ஒன்று உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பல மண்ணுக்கு அடியில் இருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைக் காக்கவே 1930-ல் அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இத்துறை வல்லுநர்கள் 'வெண்கல நோய்' என்று ஒன்றைச் சொல்வார்கள். உப்பிலிருந்து வந்து உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் பச்சைப் பொடியாக மாறும். அப்போது சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மீண்டும் குளோரைடை உண்டாக்கும். மேலே உள்ள பச்சையைச் சுரண்டினால் சுழற்சி நிற்காது. குளோரைடை வெளியேற்ற வேண்டும், அல்லது ஈரப்பதத்தை 40 விழுக்காட்டளவுக்கு இறக்க வேண்டும். முதலியார்பேட்டையில் இரண்டாவது வழி நடைமுறைக்கு ஒவ்வாது. மிஞ்சுவது முதல் வழி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், வினிகரில் உப்பைக் கலந்து டெர்மினலை ஊறவைக்கச் சொல்லும் பரவலான யோசனை ஏன் இங்கே ஆபத்து என்பது புரியும். உப்பு சேர்த்த அமிலம் பித்தளையை நொடியில் பளபளக்க வைக்கும். கூடவே புதிய குளோரைடையும் உள்ளே ஏற்றிவிடும். குத்துவிளக்கு துலக்கும் புளிக்கும் இதே கதைதான். விளக்கைத் துலக்கிய பிறகு அள்ளி அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். ரிவெட்டுக்கும் பட்டைக்கும் இடையே புகுந்த புளிச்சாற்றை அப்படிக் கழுவிவிட முடியாது.

தேவையானவை

- டிஸ்டில்டு வாட்டர், ஐந்து லிட்டர் கேன்
- எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், அல்லது வெள்ளை வினிகர்
- சமையல் சோடா
- ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 விழுக்காடு
- பழைய டூத் பிரஷ், மெல்லிய பித்தளை பிரஷ், ஃபைபர் கிளாஸ் பேனா
- ரோசின் உள்ள சால்டரிங் ஈயம், 60 வாட் அயர்ன்
- மல்டிமீட்டர், டி.டி.எஸ். மீட்டர்
- கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி

ஆல்கஹால், ஈயம், ஃபைபர் கிளாஸ் பேனா ஆகியவை உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இந்தப் பட்டியலில் உப்புத்தாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிளிப்புகளின் மேல் உள்ள வெள்ளீய முலாம் மிக மெல்லியது. உப்புத்தாள் பட்டதும் அது போய்விடும், அடியில் உள்ள பித்தளை உப்புக் காற்றுக்கு நேரடி இரையாகும்.

கழுவல்: நான்கு சுற்று

முதல் சுற்று வெறும் நீர். உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, பிரஷால் மூலை முடுக்கெல்லாம் கழுவ வேண்டும். உப்பின் பெரும்பகுதி இந்தச் சுற்றிலேயே வெளியேறும். அமிலத்தை முதலில் ஊற்றினால் அந்த உப்பும் அமிலத்தோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இந்த வரிசை. பிளாஸ்டிக் பலகையைப் பத்து நிமிடம் ஊறவிடலாம். காகித அடுக்கால் ஆன பழைய பழுப்பு நிறப் பலகை நீரை உறிஞ்சி வீங்கும். அதை ஊறவைக்காமல் பிரஷால் மட்டும் கழுவுங்கள்.

இரண்டாவது சுற்று மென்மையான அமிலம். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அல்லது வினிகரை அப்படியே. பச்சை உள்ள இடத்தில் மட்டும் பிரஷால் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் தேய்க்க வேண்டும். பிடிவாதமான இடத்தில் மறுபடி ஒருமுறை. இரவு முழுக்க ஊறப்போட்டால் பச்சையோடு பித்தளையும் அரிபடும்.

மூன்றாவது சுற்று சோடா. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரால் கழுவினால் மிச்ச அமிலம் செயலிழக்கும். நுரை வருவது நின்றால் போதும்.

நான்காவது சுற்றுதான் பெரும்பாலோர் அவசரத்தில் விட்டுவிடுவது. டிஸ்டில்டு வாட்டரை மாற்றி மாற்றி அலச வேண்டும். எத்தனை முறை? ஆர்.ஓ. எந்திரம் பார்க்க வருபவர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு விடை சொல்லும். புதிய டிஸ்டில்டு வாட்டரில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அலசி வந்த நீரும் கிட்டத்தட்ட அதே அளவைக் காட்டும்வரை அலசுங்கள். அருங்காட்சியக ஆய்வகங்களும் கழுவிய நீரின் மின்கடத்தலை அளந்துதான் எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கின்றன. போர் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்தால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் மீண்டும் பலகையில் காயும்.

பிறகு ஆல்கஹாலை ஊற்றி ஒரு அலசல். இடுக்கில் உள்ள நீரை அது தள்ளிக்கொண்டு வெளியேறும். சிகரெட், அடுப்பு, ஸ்பார்க் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காய விடுங்கள். சித்திரை வெயிலில் கார் பானட்டின் மேல் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். நன்கு காய்ந்த பின் பளபளப்பு தேவைப்படும் இடத்தில் ஃபைபர் கிளாஸ் பேனாவால் லேசாகத் தேய்க்கலாம். அதன் தூள் தோலில் குத்தும், கையுறை அவசியம்.

ரிவெட், கிளிப், செம்புத் தடம்

காய்ந்த பலகையை மீண்டும் அளக்கும் நேரம் இது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் ஒன்றின் வழியே 55 வாட் பல்பை எரியவிட்டு, ரிவெட்டின் இரு பக்கமும் வோல்ட் இழப்பைப் பாருங்கள். கழுவிய பிறகும் இழப்பு இருந்தால் ரிவெட் தளர்ந்திருக்கிறது. சுத்தியலால் தட்டி இறுக்கினால் பேக்கலைட் விரிசல் விடும். ரிவெட் தலையையும் பட்டையையும் சேர்த்து ஈயம் பற்றவைப்பது பாதுகாப்பான வழி. முடியாத இடத்தில் ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் பித்தளை போல்ட்டும் நட்டும் போடலாம். இரும்பு போல்ட் போட்டால் உப்பு ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்த இரும்பு விரைவில் அரிக்கும்.

பற்றவைக்க ரோசின் மட்டுமே. பாத்திரம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃபிளக்ஸில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். நான்கு சுற்று கழுவி வெளியேற்றிய குளோரைடு ஒரு சொட்டு ஃபிளக்ஸில் திரும்பி வந்துவிடும்.

சர்க்யூட் போர்டு வகையில் ரிலே பின்களைச் சுற்றிய ஈயத்தில் மயிரிழை வட்டமாக விரிசல் விழுவது பொதுவான கோளாறு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அரித்துப்போன செம்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே தடித்த செம்பு ஒயரை இணையாகப் பற்றவைக்கலாம். முடிவில் பலகையின் தடம் உள்ள பக்கத்துக்கு அக்ரிலிக் பூச்சு ஸ்ப்ரே அடித்தால் உப்புக் காற்று நேரடியாகப் படாது. ஸ்ப்ரே அடிக்கும் முன் கிளிப், பின் துளை எல்லாவற்றையும் டேப்பால் மூட மறக்காதீர்கள்.

ரிலேயின் உள்ளே

ரிலேயின் காலில் எழுதியிருக்கும் எண்கள் ஜெர்மன் தரநிலையின் வழக்கம்: 30 பேட்டரியிலிருந்து, 87 விளக்குக்கோ ஹாரனுக்கோ, 85-ம் 86-ம் காயிலின் இரு முனைகள். பழைய லூகாஸ் ரிலேயில் எண்களுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும்: டபிள்யூ என்றால் காயில் சுற்று, சி என்றால் பாயிண்ட்.

காயில் தடை 12 வோல்ட் ரிலேயில் 80–90 ஓம் அளவில் இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. சரியாக இருந்தால் மூடியை மெதுவாக நெம்பித் திறந்து பாயிண்டைப் பாருங்கள். கெட்டியான வெள்ளைத் தாள் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, பாயிண்டுகளை விரலால் சேர்த்துப் பிடித்து, இடையே இழுத்தால் கறுப்பு தாளில் வந்துவிடும். குழி விழுந்திருந்தால் மட்டும் பாயிண்ட் அரத்தால் ஓரிரு இழுப்பு.

ரிலேக்குள் சிலிகான் கிரீஸோ சிலிகான் ஸ்ப்ரேயோ போகக் கூடாது. பாயிண்டில் பொறி பறக்கும்போது சிலிகான் ஆவி மணல் போன்ற சிலிக்காவாக மாறிப் பாயிண்டில் படியும். சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது.

புதிய ரிலே வாங்குபவர்கள் அதன் மேல் உள்ள சின்னத்தைப் பார்க்க வேண்டும். சில ரிலேக்களில் காயிலுக்கு இணையாக ஒரு டையோடு இருக்கும். அதில் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்பது கட்டாயம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இதை யோசிக்காமல் செருகினால் டையோடு வழியே ஷார்ட்டாகும். டையோடுக்குப் பதில் ரெசிஸ்டர் உள்ள ரிலேக்கு இந்தத் தொல்லை இல்லை. அசல் தோற்றம் வேண்டுவோர் பழைய தகர மூடிக்குள் புதிய ரிலேயை வைத்துப் பொருத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

ஃபியூஸில் ஒளிந்திருக்கும் பொறி

பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான், ஏறத்தாழ 17 ஆம்பியர். இன்று கடையில் கிடைக்கும் பல ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய எண்ணைப் பார்த்து 35 ஆம்பியர் புது ஃபியூஸ் போட்டால், கோளாறு வரும்போது ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். அங்கே 15 அல்லது 17 ஆம்பியர் போதும்.

மெர்சிடஸ் டபிள்யூ-123, 124 போன்ற கார்களில் வரும் கூம்பு முனை ஃபியூஸ்களுக்கு நிறமே அளவு: வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர். இவற்றில் அலுமினியப் பட்டை உள்ளவை பித்தளைக் கிளிப்போடு சேர்ந்து விரைவில் அரிக்கும். செம்புப் பட்டை உள்ளவற்றுக்கு மாறுவது கரையோரத்தில் நல்லது. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றியோ ஒயர் இழையைக் கட்டியோ ஓட்டும் ரோட்டோர வைத்தியம் எந்த வண்டிக்கும் ஆகாது.

கிளிப்பை நோஸ் பிளையரால் லேசாக உள்ளே வளைத்து, ஃபியூஸ் இறுகி உட்காருகிறதா என்று பாருங்கள். எல்லாம் பொருத்திய பின், இணைப்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் வாசலைனை மெல்லிய படலமாகத் தடவினால் உப்பும் ஈரமும் நெருங்காது. தடவியது அதிகமானால் தூசி பிடிக்கும்.

மறுபடி வராமல் இருக்க

வெள்ளம் உண்மையிலேயே வந்துவிட்டால் முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. நீரில் நனைந்த போர்டில் மின்னழுத்தம் இருந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து ஓடத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் நடக்கும் அரிப்பு மணிக்கணக்கில் நடந்துவிடும். 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பவே கூடாது. நீர் வடிந்ததும் ரிலே, ஃபியூஸ்களை உருவிவிட்டு நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, உடனே டிஸ்டில்டு வாட்டர் அலசலுக்குப் போய்விட வேண்டும். சேறு காய்ந்த பிறகு கழுவுவது இரட்டை வேலை.

வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் நீர் வரும் வழி வேறு: காய்ந்து சுருங்கிய கண்ணாடி ரப்பர், வேப்பிலை அடைத்த பானட் ஓர வடிகால், ஈரம் கோத்த தரை விரிப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் இவற்றைப் பார்த்துவிடுவது உத்தமம். நிறுத்தி வைக்கும் வண்டிக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தி உறையே மேல். பேட்டரி ஐசொலேட்டர் ஸ்விட்ச் ஒன்று போட்டால் நிற்கும் நாட்களில் போர்டில் மின்னழுத்தமே இருக்காது.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை ஹெட்லைட்டைப் போட்டு, முன்பு குறித்து வைத்த தாளை எடுத்து, அதே இணைப்புகளில் வோல்ட் இழப்பை அளந்து தேதியோடு எழுதுங்கள். 0.03 இருந்த இடம் 0.05 ஆனால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். 0.1-ஐத் தாண்டிய இணைப்பை மட்டும் கழற்றி, வெந்நீர்ச் சுற்றிலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். நன்றாக இருக்கும் கிளிப்பை ஆண்டுதோறும் கழற்றி மாட்டினால் அதன் முலாமும் பிடிமானமும்தான் தேயும்.